இயற்பியல் மாணவனுக்கு அரசியல் பாடம் எதற்கு?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

எங்கள் வீட்டில் 'அரசியல்' என்றால் சண்டை என்று பொருள். சுவரொட்டி கிழிந்ததற்காக மூண்ட கைகலப்பு, தேர்தல் முடிந்தும் பேச்சு வார்த்தை இல்லாமல் போன பங்காளி வீடுகள், இவைதாம் அச்சொல்லுக்கு எங்கள் தெரு அறிந்த விளக்கங்கள். ஆகவே சென்ற ஆண்டு, பிற துறை விருப்பப் பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வேளையில் நான் இந்திய அரசியலமைப்பை எடுத்தேன் என்று அறிந்ததும் என் தாயார் திடுக்கிட்டார். "படிக்கப் போன புள்ளைக்கு அரசியல் எதுக்குப்பா? சயின்ஸ் படிச்சமா, உத்தியோகத்துக்குப் போனமான்னு இரு" என்றார். வகுப்புத் தோழர்களும் அதையே வேறு சொற்களில் கேட்டனர். விசையையும் வெப்பத்தையும் அளக்கக் கற்பவனுக்கு ஆட்சியைப் பற்றிய பாடம் எதற்கு? அன்று என்னிடம் விடை இல்லை. இன்று ஓரளவு இருக்கிறது. அதை எழுதவே இக்கட்டுரை.

நான் வேங்கிக்காலில் பிறந்து வளர்ந்தவன். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில் உள்ள எங்கள் ஊரில்தான் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. 1989 செப்டம்பர் 30-ஆம் நாள் வட ஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. (அப்போது அதன் பெயர் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். 1997-ல் மாவட்டங்களின் பெயரோடு ஒட்டியிருந்த தலைவர்கள், மன்னர்கள் பெயர்கள் நீக்கப்பட்டபோது சம்புவராயரும் விடைபெற்றார்.) அதற்கு முன்னர் ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டுமானால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் பயணம் செய்து வேலூருக்குப் போக வேண்டும். விடியற்காலைப் பேருந்தைப் பிடித்துக் கட்டுச்சோற்றுடன் சென்ற கதைகளை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். இப்போது திங்கட்கிழமை தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாளன்று செங்கம், கலசபாக்கம், போளூர், தண்டராம்பட்டு, ஜவ்வாது மலை என்று நாற்புறமிருந்தும் மக்கள் எங்கள் ஊருக்கு வருகிறார்கள். மரத்தடியில் அட்டையும் காகிதமுமாக அமர்ந்து மனு எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. கையில் சுருட்டிய தாளுடன் வரிசையில் நிற்கும் அந்த முகங்களைப் பார்த்தே நான் வளர்ந்தேன்.

அவ்வரிசையில் நானும் ஒரு முறை நின்றேன். பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மழைநாளில் மரக்கிளை முறிந்து விழுந்து எங்கள் தெருமுனைக் கம்பத்திலிருந்த விளக்கு உடைந்துவிட்டது. இருட்டில் என் ஆயா கல் தடுக்கி விழுந்தார், முழங்கால் வீங்கிற்று. எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவனே. மூன்று பக்கங்களுக்கு மனு எழுதினேன். பெறுநர் என்ற இடத்தில் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பெரிய இடத்தில் சொன்னால்தான் காரியம் நடக்கும் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. பள்ளிக் கட்டுரையில் கற்ற அலங்காரச் சொற்கள் அத்தனையையும் அதில் கொட்டினேன். ஆயாவும் நானும் காலையிலிருந்து நின்றோம். மனுவை வாங்கிப் பதிந்து எண் கொடுத்தார்கள். சில நாட்களில், மனு உரிய நடவடிக்கைக்காக வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று கடிதம் வந்தது. அவரிடமிருந்து அது எங்கள் ஊராட்சிக்கே வந்து சேர்ந்தது. வந்த மறுநாளே புது விளக்கு எரிந்தது.

விளக்கு மாட்ட வந்தவர் ஏணியிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டே, "இன்னா தம்பி, இதுக்கா கலெக்டர் வரைக்கும் போனீங்க? நம்ம ஆபீசாண்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே போட்டிருப்போமே" என்றார். ஊராட்சி அலுவலகம் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். வீங்கிய காலோடு ஆயாவை வரிசையில் நிற்க வைத்தது வேறு யாருமில்லை, நான்தான். அங்கே யாரும் தவறு செய்யவில்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாதது என் தவறு.

கதவு என்றதும் இயற்பியல் நினைவுக்கு வருகிறது. கீலுக்கு அருகில் கையை வைத்து எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் கதவு எளிதில் திறவாது. கைப்பிடிப் பக்கம் ஒரு விரலால் தள்ளினாலே திறந்துவிடும். விசையின் அளவு மட்டும் போதாது, அது எவ்விடத்தில் செயற்படுகிறது என்பதும் வேண்டும். இதையே திருப்புத்திறன் என்கிறோம். மூன்று பக்க மனு எழுதிய நான் கீலின் மேல் தள்ளிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் அன்று விளங்கவில்லை. கல்லூரியில் அந்த விருப்பப் பாட வகுப்பில்தான் விளங்கிற்று. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தை ஆசிரியர் நடத்திக்கொண்டிருந்தார். அதன் 110-ஆம் பிரிவு, கிராம ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டிய பணிகளைச் சொல்கிறது: ஊர்ச் சாலைகள், அவற்றுக்கு விளக்கு, கழிவுநீர்க் கால்வாய், துப்புரவு, இடுகாடு சுடுகாடு, குடிநீர்க் கிணறு. 'விளக்கு' என்று கேட்டதும் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். ஆசிரியர் எழுந்து நிற்கச் சொன்னார். வேறு வழியின்றிக் கதையைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"அந்த மனுவில் 'கருணை' என்ற சொல்லை எத்தனை முறை எழுதினாய்?" என்று கேட்டார்.

"நான்கு முறை ஐயா."

"'கடமை' என்ற சொல்லை?"

"ஒரு முறையும் இல்லை ஐயா."

"உட்கார்" என்றார். பாடம் தொடர்ந்தது. ஆனால் எனக்கு அன்று அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை.

அதன் பிறகு நூலகத்தில் அரசியல் பகுதிக்குப் போகத் தொடங்கினேன். தமிழில் பட்டப்படிப்பு நடத்தும் நோக்குடன் முன்னாளில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வெளியிட்ட தடித்த நூல்கள் சில அங்கே தூசி படிந்து கிடந்தன. அவற்றின் நடை முதலில் கடினமாக இருந்தது, பிறகு பிடித்துப்போயிற்று. அவற்றுள் ஒன்றில்தான் அரிஸ்டாட்டிலை முறையாகச் சந்தித்தேன். அவரை நான் இயற்பியலில் தவறாகச் சொன்னவர் என்றே அறிந்திருந்தேன். கனமான பொருள் வேகமாக விழும் என்றாரே, அவர்தாம். மீன்களையும் பறவைகளையும் இனம் பிரித்து ஆராய்ந்த அதே அறிஞர், தம் மாணவர்களோடு 158 அரசுகளின் ஆட்சி முறைகளைத் திரட்டினார் என்பது எனக்குப் புதுச் செய்தி. அத்தொகுப்பில் ஏதென்ஸ் நகரைப் பற்றியது மட்டுமே ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்திருக்கிறது. அதுவும் எகிப்தில், ஒரு பண்ணையின் வரவு செலவுக் கணக்கு எழுதிய பாப்பிரசுத் தாள்களின் மறுபக்கத்தில் இருந்தது, 1891-ல் அச்சாயிற்று. கணக்குப் பிள்ளையின் சிக்கனம் ஓர் அரசியல் நூலைக் காப்பாற்றியது!

இது விஞ்ஞானந்தானா என்று என் நண்பன் விடாமல் வாதிடுவான். சோதனைச் சாலையில் ஊசலை நூறு முறை ஆட்டிப் பார்க்கலாம். ஒரு நாட்டை இரண்டாம் முறை ஆட்டிப் பார்க்க முடியுமா என்பான். அவன் கேட்பது நியாயமே. முடியாது என்பதால்தான் பிறர் ஏற்கெனவே செய்து பார்த்ததைப் படிக்க வேண்டியிருக்கிறது என்பது என் பதில். அப்படிச் செய்து பார்த்த ஓர் ஊர், பேருந்தில் போய்ப் பார்க்கும் தொலைவிலேயே இருக்கிறது.

சென்ற கோடை விடுமுறையில் அந்நண்பனையும் இழுத்துக்கொண்டு வந்தவாசி வழியாக உத்திரமேரூர் சென்றேன். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒன்று 919-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, மற்றொன்று 921. குடவோலை முறை என்று பள்ளியில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்தது இதுதான். ஆனால் முழு விவரத்தையும் படித்தபோது அது இரண்டு மதிப்பெண்ணுக்குள் அடங்குவதாக இல்லை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவர். ஊர்ப் பெரியவரும் சிறியவரும் கூடிய சபையில், நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஏன் தெரியுமா? விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைத்து வைக்கக் கூடாதல்லவா! ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அமர்ந்து, எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள் என்று எண்ணிப் பார்த்து அந்த விதியை எழுதியிருக்கிறார்.

இவ்வாறு தேர்ந்த முப்பதின்மரில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், எஞ்சிய அறுவர் ஏரி வாரியம். பதவி 360 நாள். முந்திய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் நிற்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு: முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவரும், அவருடைய உறவினரும் நிற்க முடியாது. உறவினர் என்றால் யார் யார் என்பதையும், சிற்றன்னை பெரியன்னை மக்கள் வரை, விடாமல் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். தனக்கு இடமில்லை என்றால் மைத்துனனை நிறுத்தும் வழக்கம் அன்றும் இருந்திருக்கும் போலும்!

ஏரி வாரியம் என்ற சொல்லைப் படித்தபோது எங்கள் வேங்கிக்கால் ஏரியை நினைத்துக்கொண்டேன். ஏரிக்கென்று ஆறு பேர். ஏரி என்னவாயிற்று என்று ஆண்டு முடிவில் கேட்டால் பதில் சொல்லப் பெயரோடு ஆறு பேர். பெருமையால் மயிர்க்கூச்செறிந்தது உண்மை.

ஆனால் அரசியல் நூல் பெருமையோடு நிற்க விடுவதில்லை. யாருக்குத் தகுதி என்று மேலே படிக்கச் சொல்கிறது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதமும் பிராமணமும் ஓதி உணர்ந்திருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலியே உள்ளவர் ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவராயின் ஏற்கப்படுவார். அது பிராமணர்க்குரிய சதுர்வேதிமங்கலத்துச் சபை. பெண்ணுக்கு அங்கே இடமில்லை, நிலமற்றவருக்கு இடமில்லை, அந்த ஏரியில் சேறு வாரியவருக்கும் இடமில்லை. என் ஆயா 919-ல் உத்திரமேரூரில் பிறந்திருந்தால் அக்குடத்தை எட்ட நின்று பார்த்திருக்கவும் முடியுமோ முடியாதோ. அம்மண்டபத்தில் நின்றபோது எனக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றின: விரல்களை விரிக்கச் சொன்ன அறிவும், எங்களை வெளியே நிறுத்திய விதியும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர் பேச்சை நான் இப்போது முழுதாக நம்புவதில்லை.

இந்த வழக்கை அரசியல் நிர்ணய சபையும் சந்தித்திருக்கிறது. வரைவுச் சட்டத்தில் கிராம ஊராட்சிக்கு இடமில்லை என்று பலர் குறை கூறினர். டாக்டர் அம்பேத்கர் 1948 நவம்பர் 4-ஆம் நாள் ஆற்றிய உரையில் அக்குறையை ஏற்கவில்லை. கிராமம் என்பது குறுகிய மனப்பான்மையும் சாதிப் பூசலும் குடிகொண்ட இடம் என்பது அவர் கருத்து. கிராமத்தின் ஒதுக்குப்புறத்தில் வாழ்ந்தவர்கள் சார்பில் பேசியவர் வேறெப்படிச் சொல்லியிருப்பார்? அதே மாதம் 22-ஆம் நாள் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கே. சந்தானம் கிராம ஊராட்சிகளை அமைப்பது பற்றிய திருத்தத்தைக் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். அதுவே இன்றைய 40-ஆம் உறுப்பு. எனினும் அது வழிகாட்டும் நெறியாக மட்டுமே இருந்தது. 1992-ல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் திருத்தம்தான் ஊராட்சியைக் கட்டாயமாக்கிற்று. ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கேற்ற இடங்களையும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கையும் ஒதுக்கிற்று. தமிழ்நாடு 2016-ல் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்தியது. சந்தானம் கேட்ட ஊராட்சியும் அம்பேத்கர் கொண்ட ஐயமும் ஒரே சட்டத்தில் சேர்ந்து உட்கார 44 ஆண்டுகள் ஆயின.

சட்டம் இருந்தால் போதுமா என்றால், இல்லை. ஊராட்சியின் பதவிக்காலம் ஐந்தாண்டுக்கு மேல் நீளக் கூடாது, அது முடிவதற்குள் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது 243-ஈ உறுப்பு. ஆனால் தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பின், வழக்குகளாலும் தொகுதி வரையறையாலும் தேர்தல் தள்ளிப்போய், எங்கள் மாவட்டம் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில்தான் வாக்குப்பதிவு நடந்தது. இடையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களே நிர்வகித்தனர். அப்போது நான் பள்ளிச் சிறுவன். தலைவர் இல்லாத ஊரில் வாழ்கிறோம் என்பதே எனக்குத் தெரியாது. பெரியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

அரசியல் படிப்பு ஒரு மனிதனின் வாழ்க்கைப் பாதையை எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு நான் அறிந்தவற்றுள் சிறந்த சான்று கே. ஆர். நாராயணன். கேரளத்தில் கோட்டயம் பக்கம் உழவூரில், ஓலைக் குடிசையில், தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். பல மைல் நடந்து பள்ளி சென்றவர். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது ஆங்கில இலக்கியம். சென்னையில் 'இந்து' நாளிதழில் சிறிது காலம் பணியாற்றினார். ஜே. ஆர். டி. டாட்டாவின் உதவியோடு 1945-ல் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குச் சென்று, ஹெரால்டு லாஸ்கியிடம் அரசியல் விஞ்ஞானம் பயின்றார். 1948-ல் திரும்பியபோது நேருவுக்கு லாஸ்கி எழுதிக் கொடுத்த அறிமுகக் கடிதம் அவர் கையில் இருந்தது. 1949-ல் வெளிநாட்டுப் பணியில் சேர்ந்தார். சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் தூதர், துணைவேந்தர், மக்களவை உறுப்பினர், குடியரசுத் துணைத் தலைவர் என்று உயர்ந்து 1997-ல் குடியரசுத் தலைவரானார்.

இந்த ஏணிப்படிகளை மட்டும் சொன்னால் அது பொது அறிவு வினா விடையாகிவிடும். என்னை ஈர்த்தவை வேறு இரண்டு செய்திகள். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கும்படி மத்திய அமைச்சரவை பரிந்துரைத்தபோது அவர் கையெழுத்திடாமல் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். அடுத்த ஆண்டு வேறொரு கூட்டணி ஆட்சியில் இருந்தபோது பீகார் பற்றிய பரிந்துரையையும் அவ்வாறே திருப்பினார். கட்சி மாறிற்று, அவர் கேட்ட கேள்வி மாறவில்லை. 74-ஆம் உறுப்பு ஒரு முறை திருப்பி அனுப்ப இடம் தருகிறது. அந்த இடம் எங்கே என்று அவர் அறிந்திருந்தார். மற்றொன்று, 1998 பொதுத் தேர்தலில் அவர் வாக்குச் சாவடிக்குச் சென்று வரிசையில் நின்று வாக்களித்தது. பதவியில் இருக்கும்போது பொதுத் தேர்தலில் வாக்களித்த முதல் குடியரசுத் தலைவர் அவரே. நாட்டின் முதல் குடிமகன் என்ற பட்டத்தில் 'முதல்' என்பதைவிடக் 'குடிமகன்' என்பதை அவர் கூர்ந்து படித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

படித்தவர் சொன்னால் நடந்துவிடும் என்ற மயக்கம் வேண்டாம் என்பதற்கும் ஒரு தமிழர் வாழ்க்கை இருக்கிறது. ஏ. ஜெயரத்தினம் வில்சன் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானப் பேராசிரியர். தந்தை செல்வாவின் மருமகன். பின்னர் கனடாவில் நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1978 முதல் 1983 வரை அதிபர் ஜே. ஆர். ஜயவர்தனாவுக்கும் தமிழர் தலைவர்களுக்கும் இடையே நின்று அதிகாரப் பகிர்வுக்கு வழி காண முயன்றார். 1983 ஜூலையில் என்ன நடந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 1988-ல் அவர் எழுதிய நூலின் தலைப்பே இலங்கையின் உடைவு என்பதாகும். நோயை அறிந்த மருத்துவர் பக்கத்திலேயே இருந்தும் நோயாளி மருந்தை உண்ணவில்லை.

இனி நம் நிலைக்கு வருவோம். நம் கல்லூரியில் பெரும்பாலோர் கண் வைத்திருப்பது தேர்வாணையத் தேர்வின் மேல். அதில் தவறில்லை, நானும் அப்படித்தான். பணி நியமனத்துக்குத் தனி ஆணையம் வேண்டும் என்று மாகாணங்களுள் முதலில் சட்டம் செய்து 1929-ல் அமைத்தது சென்னை மாகாணந்தான். சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளை அரசு நாற்காலியில் அமர அது திறந்த வழி சிறிதன்று. அத்தேர்வுகளில் இந்திய ஆட்சியியல் ஒரு பகுதி. ஆனால் அதை நாம் எப்படிப் படிக்கிறோம்? 14 சமத்துவம், 17 தீண்டாமை ஒழிப்பு, 21 உயிர் வாழும் உரிமை, 326 வாக்குரிமை என்று பேருந்து எண்களைப் போல் மனப்பாடம் செய்கிறோம். பேருந்து எண்ணாவது எந்த ஊருக்குப் போகும் என்று தெரிந்து படிக்கிறோம்! தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 என்று கோடிட்ட இடத்தை நிரப்பத் தெரிந்த நண்பர்கள் பலர். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் எழுதினால் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பதைத் தம் தெருவுக்காகப் பயன்படுத்தியவர் எங்கள் வகுப்பில் ஒருவரும் இல்லை. நானும் இல்லை. நாட்டுக்கே முன்னோடியாக அவ்வுரிமைக்குச் சட்டம் செய்த மாநிலம் தமிழ்நாடு (1997) என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

2024-ல் திருவண்ணாமலை நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. சுற்றியுள்ள ஊராட்சிகளை அதனோடு சேர்ப்பது பற்றிப் பேச்சு எழுந்தபோது எங்கள் தெருத் திண்ணைகள் இரண்டு கட்சியாயின. நல்ல சாலை வரும், குடிநீர் வரும் என்றார்கள் சிலர். வீட்டு வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்றார்கள் மற்றவர்கள். என் தாயார் அவ்வேலைக்குப் போய்வந்தவர். அந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே 'ஊரக' என்ற சொல் இருந்தது. ஊர் நகரமானால் அவ்வேலை இல்லை. ஒரு நாள் இரவு அவர் என்னைக் கேட்டார்: "நீதான் அரசியல் படிக்கிறியே, இது நல்லதா கெட்டதா, சொல்லு."

அதுவரை நான் எழுதிய எந்தத் தேர்விலும் இவ்வளவு கடினமான வினா வந்ததில்லை. நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஊராட்சியில் கிராம சபை உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாட்கள் அது கூட வேண்டும். நகரத்தில் கிராம சபை இல்லை. 2022 முதல் பகுதி சபை என்று ஒன்று கூட்டப்படுகிறது. ஊராட்சியின் பணி எது, மாநகராட்சியின் பணி எது, வரியை யார் விதிப்பர் என்று ஒரு தாளில் இரண்டு பக்கமாக எழுதிக் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். நெடுநேரம் பார்த்துவிட்டு, "கிராம சபைன்னா நான் போய்ப் பேசலாமா?" என்று கேட்டார்.

"பேசலாம்."

"இத்தினி வருசம் யாரும் சொல்லலியே!"

சொல்லியிருக்க வேண்டியவன் நான். குடியரசு நாளன்று பள்ளியில் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அன்றே கிராம சபையும் கூடுகிறது என்பதை ஒரு முறையும் எண்ணியதில்லை.

இன்று எனக்கு வயது இருபது. 1989 மார்ச் 28-ஆம் நாளுக்கு முன்பானால் எனக்கு வாக்கு இருந்திராது. அன்றுதான் 61-ஆம் திருத்தத்தின்படி வாக்குரிமை வயது 21-லிருந்து 18 ஆயிற்று. உள்ளாட்சித் தேர்தலில் நிற்க 21 வயது போதும். அடுத்த ஆண்டு எனக்கு அவ்வயது நிறைகிறது. அதைச் சொன்னதும் அம்மா, "அதெல்லாம் வேணாம், நீ பரீட்சை எழுது" என்றார். எழுதத்தான் போகிறேன். மேசைக்கு இப்பால் நின்ற ஆயாவின் பேரன் மேசைக்கு அப்பால் அமர வேண்டும் என்பது அவர் கனவு; அக்கனவைக் குறைத்து மதிப்பிட எனக்கு உரிமை இல்லை. முதுகலை இயற்பியலா, தேர்வாணையமா என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் என்றேனும் அமர்ந்தால், என் முன் நீட்டப்படும் மனுவில் 'கருணை' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று என் கண் தானாக எண்ணும்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய வாரத்தில் பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர் வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டு வந்தார். "கண்ணு, கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் குடுப்பா. உங்க ஆயாதான் அனுப்பினாங்க" என்றார். திண்ணையில் அமர வைத்தேன். அனுப்புநர் என்று போட்டு அவர் பெயரையும் முகவரியையும் எழுதினேன். பெறுநர் என்று எழுதி, அதன் கீழே நான்கு வரி இடம் விட்டுவிட்டுப் பேனாவை மூடினேன்.

"மொதல்ல விசயத்தைச் சொல்லுங்க பாட்டி" என்றேன்.